பள்ளத்தில் நட்ட தக்காளி

ஊட்டிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் என் வீட்டுத் தோட்டத்தில் தக்காளி ஒழுங்காகப் பழுத்ததில்லை. மதுரைப் பக்கம் பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற இடத்தில் தானாக முளைத்துக் காய்க்கும் செடி அது. இங்கே 2,240 மீட்டர் உயரத்தில் நன்றாகத்தான் வளர்கிறது, பூக்கிறது, காயும் பிடிக்கிறது, ஆனால் காய் பச்சையாகவே தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு வாரம் விடாமல் சாரல் பிடிக்கும், இலையில் கருந்திட்டு வரும், அடுத்த சில நாட்களில் முழுச் செடியும் வெந்நீர் ஊற்றியதுபோல் ஆகிவிடும். உருளைக்கிழங்கை அழிக்கிற அதே கருகல் நோய்தான். சுற்றிலும் உருளைக்கிழங்கு போடுகிற ஊரில் தக்காளி மட்டும் எப்படித் தப்பும்?

இங்குள்ள விவசாயிகள் உருளைக்கிழங்குக்கு மூன்று போகம் சொல்வார்கள். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சிச் செய்வது நீர்ப்போகம், கோடை மழையை நம்பி ஏப்ரல் வாக்கில் தொடங்குவது கார்போகம், ஆகஸ்ட், செப்டம்பரில் கடைப்போகம். வந்த புதிதில் இதை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். ஏப்ரலில் மழைக்குப் பதில் ஆலங்கட்டி விழுந்தது, அதோடு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

என்னை அதிகம் படுத்தியது உறைபனிதான். முதல் டிசம்பரில் மொத்தத் தோட்டத்திலும் சமதளமாக இருந்த ஒரே இடம் என்று வீட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் பீன்ஸ் போட்டேன், தக்காளியும் அங்கேதான். மிச்ச விதையை மேலே படிக்கட்டு ஓரத்தில் சும்மா ஊன்றி வைத்தேன். ஜனவரியில் ஒருநாள் விடிந்து பார்த்தால் பள்ளம் முழுக்க உப்புக் கொட்டியதுபோல் வெள்ளை. வெயில் ஏறியதும் பீன்ஸ் கருத்துத் தொங்கிவிட்டது. பத்தடி மேலே இருந்த செடிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை! குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது என்பது பிறகுதான் உறைத்தது. நான் போய் அந்தக் குளத்திலேயே நட்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பியபோது, "ராத்திரி நட்சத்திரம் பளிச்சுன்னு தெரிஞ்சு காத்தும் இல்லேன்னா, சாப்பாட்டுக்கு முன்னாடியே போய் மூடிடுங்க தம்பி. மேகம் இருந்தா நிம்மதியா தூங்குங்க" என்றார். எந்த வானிலை ஆப்பும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்கிற செடிகளைக் கொண்டு மலர்ச்செடிகளை மூடுவார்கள். நான் குச்சி நட்டு அதன்மேல் சாக்கைப் போடுகிறேன் (ஒருமுறை அவசரத்தில் மனைவியின் பழைய சேலை, அது அவ்வளவு பழையது இல்லை என்று மறுநாள் தெரிந்தது). மூடுவது இலையைத் தொடக் கூடாது, தொட்ட இடத்தில் இலை கருகும். மறந்துவிட்டால் வெயில் படுவதற்கு முன் எழுந்து இலைமேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்க வேண்டும். அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம்தான்.

மழை இன்னொரு கதை. 2019 ஆகஸ்டில் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியது. நகரத்துக்குள் அவ்வளவு இல்லை, ஆனாலும் என் கேரட் பாத்தி மண்ணோடு கேட் வரை வந்து சேர்ந்திருந்தது. சரிவை ஒட்டி மேலிருந்து கீழாகப் பாத்தி எடுத்தது என் முட்டாள்தனம். இப்போது குறுக்கே மேட்டுப்பாத்தி, பக்கத்தில் ஒரு வடிகால். நத்தைக்குச் சாம்பல் தூவிப் பார்த்தேன், அடுத்த மழையிலேயே கரைந்துவிட்டது. டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கைகொடுப்பவையும் இருக்கின்றன. பட்டாணி, முள்ளங்கி, டர்னிப், கீரை வகைகளுக்கு இந்தக் குளிர் ரொம்பப் பிடிக்கும். இங்கே மண் புளிப்பு, அதனால் விதைக்க இரண்டு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்பு கலந்துவிடுகிறேன், பீட்ரூட்டில் அதன் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. மேரக்காய் (சௌசௌ) கொடி பனியில் கருகிச் செத்ததுபோல் கிடக்கும், பிடுங்கிவிடாதீர்கள், வேரில் உயிர் இருக்கும், மழை வந்தால் மறுபடி பந்தல் ஏறிவிடும். போன வருடம் ஏறியதைக் காட்டெருமை வந்து பந்தலோடு சாய்த்தது வேறு விஷயம்.

தக்காளியை மட்டும் விட மனசில்லை. இந்தப் பிப்ரவரியில் குட்டித் தக்காளி ரகத்தை ஐந்து வாளிகளில் நட்டு, தெற்குப் பார்த்த சுவரோரம் வைத்து, வீடு இடிக்கிற இடத்தில் வாங்கிய இரண்டு கண்ணாடி ஜன்னல்களை மேலே சாய்த்து வைத்திருக்கிறேன். இலை நனையவில்லை, கருகலும் இதுவரை வரவில்லை. மூன்று காய் லேசாக மஞ்சளடிக்கிறது. மனைவி அதற்குள் பச்சைத் தக்காளித் துவையலுக்குக் காய்ந்த மிளகாயை எடுத்து வைத்துவிட்டாள்.