பாவசங்கீர்த்தன அதிகாரத் தேர்வு: அடுத்து உட்காரப்போகும் தம்பிகளுக்கு

பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) கேட்கும் அதிகாரத்துக்கான தேர்வின் முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். இறைவனுக்கு நன்றி. இனி குருப்பட்டத்துக்கு முந்தைய தியானம்தான் பாக்கி. பங்குக்குப் போய்விட்டால் எழுத நேரம் கிடைக்காது என்பதால், குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டராக இருக்கும் தம்பிகளுக்கு இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் தேறியதற்கு ஒரு காரணத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். இறையியல் படித்த காலம் முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஆன்ம குருவிடம் மட்டுமல்ல, விடுமுறையில் ஊர்ப் பங்குச் சாமியிடம், வேளாங்கண்ணியில் முகம் தெரியாத சாமியிடமும் போனேன். வரிசையில் நிற்கும்போது வயிற்றைப் பிசையும், சொல்லத் தொடங்கியதும் தொண்டை அடைக்கும், சாமி தேவையில்லாமல் ஒன்று கேட்டுவிட்டால் மனம் அப்படியே மூடிக்கொள்ளும். இதை எந்தக் குறிப்பேடும் சொல்லித் தராது. தேர்வு நடத்தும் ஒரு தந்தை (குரு) பாவசங்கீர்த்தனம் செய்பவராக வந்து உட்காரும்போது, நீங்கள் அந்தப் பக்கம் முழந்தாளிட்டுப் பழகியவரா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எனக்கு வந்த வழக்கு இது. கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்) உண்டியல் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறார். நீங்கள் பங்குத்தந்தை. மறுநாள் காலையில் அவரிடமிருந்து உண்டியல் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பங்கின் பணம் ஆயிற்றே, வாங்கலாம் என்றுதான் தோன்றும். கூடாது. இரகசியம் வெளியே போகாவிட்டாலும், அங்கே கேட்டதை அவருக்குப் பாதகமாகப் பயன்படுத்தவே கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தொகுப்பின் எண் 984. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இரண்டாம் பத்தி அதைத் தனியாகவே சொல்கிறது. எண்ணைச் சொன்னதும் தந்தை "ஏன்?" என்று கேட்டார். சாவி கை மாறிய அன்றைக்கே அந்த மனிதர் எந்தச் சாமியிடமும் இனி முழந்தாளிட மாட்டார் என்றேன். எடுத்ததைத் திருப்பிச் சேர்க்கச் சொல்லலாம், பெயர் தெரியாமலே உண்டியலில் போடச் சொல்லலாம், சாவிப் பொறுப்பை அவரே விட்டுவிடும்படி அங்கேயே வற்புறுத்தலாம். வெளியே வந்த பிறகு சாவி அவரிடமே இருக்கும், நாம் ஜெபிக்க வேண்டியதுதான். இதை ஏற்க எனக்கே வெகுநாள் ஆனது.

மற்றவை சுருக்கமாக:

- அண்ணன்மார் குறிப்பேட்டை அப்படியே நம்பாதீர்கள். சட்டத்தொகுப்பில் தண்டனைகள் பற்றிய ஆறாம் நூல் 2021 டிசம்பர் 8 முதல் புதியது. பாவசங்கீர்த்தன இரகசியத்தை மீறுவதற்கான தண்டனை 1388 அல்ல, 1386. கருக்கலைப்பு 1398 அல்ல, 1397.
- கருக்கலைப்பு வழக்கு எப்படியும் வரும். 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் தந்தார். தண்டனை உண்டு என்பதே தெரியாமல் செய்தவருக்கும் 18 வயது ஆகாதவருக்கும் தானாக விழும் திருச்சபை விலக்கம் விழாது. இதைச் சொல்லாமல் விட்டால் மதிப்பெண் போகும்.
- கேள்விகளைக் குறையுங்கள். உடன் பாவம் செய்தவரின் பெயரைக் கேட்கவே கூடாது (979).
- பரிகாரம் அவர் செய்யக்கூடியதாக இருக்கட்டும். தோட்ட வேலைக்குப் போகும் தாய்க்குப் பத்து நாள் திருப்பலி என்று கொடுக்காதீர்கள்.
- பாவமன்னிப்பு வாய்பாடு தமிழிலும் ஆங்கிலத்திலும் மனப்பாடமாக வர வேண்டும். நான் விடியற்காலையில் ஆளில்லாத சிற்றாலயத்தில் வாய்விட்டுச் சொல்வேன். குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது, அமைதியான சுபாவம் உள்ளவர்கள் தனியாகவே படியுங்கள்.

மறுதேர்வு என்று சொல்லப்பட்ட தம்பிகள் மனம் உடையாதீர்கள். 1815-ல் குருப்பட்டம் பெற்ற பிரான்ஸ் நாட்டுப் புனிதர் ஜான் மரிய வியான்னிக்குத் தொடக்கத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்க அனுமதியே தரவில்லை. ஆர்ஸ் ஊரில் பிற்பாடு அவர் ஒரே நாளில் பதினாறு மணி நேரம் வரை அந்த இருக்கையில் இருந்திருக்கிறார். உங்களைத் திருப்பி அனுப்பிய தந்தையர்மேல் கோபம் வேண்டாம். மக்களின் ஆன்மாவை நினைத்துத்தான் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. தேறியதும் அதிகாரம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஆயரின் கடிதம் எழுத்தில் கைக்கு வர வேண்டும். பட்டத்தன்று வீட்டில் பாட்டி ஆசையாக, "சாமி, முதல் பாவசங்கீர்த்தனம் எனக்குத்தான்" என்பார். சாகும் ஆபத்தில் இருந்தால் அதிகாரம் இல்லாத குருவும் கேட்கலாம் (976). நல்ல சுகத்தோடு இருந்தால், கடிதம் வரும்வரை பாட்டியைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.