கிராஃபில் அந்த இரண்டாவது கோடு

பத்தாவது ரிசல்ட் வந்து, கணக்கில் 93 என்று பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது. அடுத்த வருடம் எழுதப்போகிறவர்களுக்குக் கிராஃபைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதைச் சொல்ல ஊரே இருக்கிறது.

பரவளையத்தை, அதாவது எக்ஸ்² வரும் சமன்பாட்டின் வளைவரையை, எப்படியும் வரைந்துவிடுவீர்கள். அதன் மேல் போடும் நேர்கோட்டில்தான் மார்க் போகும். ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 3 வரைந்து, அதைக்கொண்டு எக்ஸ்² − 6எக்ஸ் + 9 = 0 தீர்க்கச் சொன்னால், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்ததும் வருவது ஒய் = 2எக்ஸ் − 6. உடனே இதற்கும் எக்ஸ், ஒய் மதிப்புகளுக்கு ஒரு டேபிள் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கள் டியூஷனில் அது சட்டம் மாதிரி. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. சாய்வு (1 அலகு வலம் போனால் எவ்வளவு ஏறுகிறது) 2, வெட்டுத்துண்டு (ஒய் அச்சை வெட்டும் இடம்) −6 என்று சமன்பாடே சொல்லிவிடுகிறதே! ஒய் அச்சில் −6-இல் ஒரு புள்ளி, அங்கிருந்து வலப்பக்கம் 1 அலகு, மேலே 2 அலகு. அப்படியே இன்னும் இரண்டு தடவை ஏறினால் (3, 0). ஸ்கேலை வைத்து இழுக்க வேண்டியதுதான்.

ஆனால் ஒன்று. சாய்வை அலகில் எண்ணுங்கள், கட்டத்தில் எண்ணாதீர்கள். எக்ஸ் அச்சில் 1 செ.மீ.க்கு 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ.க்கு 2 அலகு என்று எடுத்திருந்தால், 2 அலகு ஏறுவது தாளில் 1 செ.மீ.தான். கோடு 45 டிகிரியில் சாய்ந்து நிற்கும். பார்க்கச் சாய்வு 1 மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள், சரிதான். 2 செ.மீ. ஏற்றினால் சாய்வு 4 ஆகிவிடும். (3, 0)-இல் வளைவரையைத் தொட வேண்டிய கோடு 1.3 பக்கத்தில் குறுக்கே வெட்டும். சமமான மூலங்கள் (இரண்டு விடையும் ஒன்றே) என்று எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவீர்கள்?

மற்றவை சுருக்கமாக:

- 3எக்ஸ் + 4ஒய் − 12 = 0 மாதிரி வந்தால் முதலில் ஒய்யைத் தனியாக்குங்கள். சாய்வு −3/4, வெட்டுத்துண்டு 3. பின்னத்தின் பகுதி (கீழ் எண்) வலப்பக்கம், தொகுதி (மேல் எண்) மேலே. மைனஸ் என்றால் கீழே. (0, 3)-இலிருந்து 4 வலம், 3 கீழ்: (4, 0).
- பஸ் சீரான வேகத்தில் போகும் கணக்கு நேர் மாறல், அதாவது நேரம் இரு மடங்கானால் தூரமும் இரு மடங்கு. வெட்டுத்துண்டு 0. கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள்.
- டேபிளை எழுதாமல் விடாதீர்கள், திருத்துகிறவர் தேடுவார். கோடு போட்ட பிறகு அதிலிருந்தே படித்து எழுதலாம். ஒரு மதிப்பைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் சரிபார்த்த மாதிரியும் ஆச்சு.
- பென்சிலை அப்பப்போ சீவுங்கள். தடித்த கோடு தொடுகிறதா வெட்டுகிறதா என்று வரைந்தவருக்கே தெரியாது.