கொரோனா காலத்தில் ஃப்ளூ ஊசி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கொரோனாவுக்கு முன்னால் ஃப்ளூ ஊசி கேட்டு வருபவர்கள் அபூர்வம். 2020 மழைக்காலத்தில் திடீரென்று விசாரித்தார்கள். “இதைப் போட்டா கொரோனா வராதாமே?” அப்படி இல்லை, அது வேறு கிருமி, இது வேறு கிருமி. ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத நேரத்தில் ஃப்ளூவோடு போய் நிற்க வேண்டாமே என்பேன்.

அடுத்த வருஷம் பேச்சு மாறிவிட்டது. எங்கள் தெருப் பெரியம்மாவுக்குச் சர்க்கரை, வீசிங் இரண்டும் உண்டு. “ரெண்டு டோஸ் கோவிஷீல்டு போட்டாச்சு, இது வேற எதுக்குப்பா?” என்றார். ஊசியே காய்ச்சலைக் கொண்டுவரும் என்ற பயம் வேறு. அதில் இருப்பது செயலிழந்த கிருமி, ஊசியால் ஃப்ளூ வராது, கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு லேசாகச் சுடலாம் என்றேன். அட்டைப்பெட்டியில் எந்த ஆண்டுக்கானது என்று அச்சிட்டிருந்ததையும் காட்டினேன். ஃப்ளூ கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் வருஷாவருஷம் போட வேண்டும். அப்புறம்தான் டாக்டரிடம் போகச் சம்மதித்தார்.

பயத்தைப் பேசித் தீர்க்கலாம், விலையை என்ன செய்வது? அப்போது அரசு போட்ட கொரோனா ஊசி இலவசம், இதற்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். சிப்காட்டில் தினக்கூலிக்குப் போகிறவர் வீட்டில் வயதான இருவருக்கு எப்படிப் போடுவார்? முதியவர்களுக்காவது அரசு இலவசமாகப் போட வேண்டும்.

ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். நம் பக்கம் ஐப்பசி மழையோடு காய்ச்சலும் வந்துவிடும். அதனால் புரட்டாசி பிறப்பதற்குள் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.