நாலு நூல்

“அதைக் கழட்டுடா. மேல ஏறாத.”

அண்ணா நகரில் எங்கள் அடுக்குமாடிக்கு பெயிண்ட் அடிக்க வந்த மூத்தவரின் குரல். பையன் அப்போதுதான் சேஃப்டி பெல்ட்டை மாட்டி முடித்திருந்தான்.

பட்டையை இரண்டு கையாலும் வில் மாதிரி வளைத்து, விரல் விரலாக நகர்ந்தார். பூக்கட்டும் அக்கா நாரைத் தடவிப் பார்ப்பது போல. வளைத்தால்தான் அறுந்த இழை வெளியே தலை நீட்டுமாம்.

தொடைப் பட்டைத் தையலில் நாலு நூல் பிரிந்திருந்தது.

“புதுசுதானண்ணே!”

“மொட்டை மாடி வெயில்லயே போட்டு வச்சா? சோப்புத் தண்ணில அலசி நிழல்ல காயப்போடச் சொன்னேனா இல்லையா?”

நம்ம ஊர் வெயிலுக்கு நைலான் எம்மாத்திரம்!

ஒருமுறை ஆளை விழாமல் தாங்கிய பெல்ட், பார்க்க நன்றாக இருந்தாலும் மறுபடி ஆகாது என்றார். பெல்ட்டோடு இணைத்த கயிற்றில் மடித்துத் தைத்த சின்னப் பொட்டலம் பிரிந்துதான் விழும் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. பிரிந்தால் பிரிந்ததுதான்.

சதுர அடிக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசியது நான்தான். பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி என்று மாடி ஏறிப் போய்ப் பார்த்தேன். கயிறு தண்ணீர்க் குழாயில் இல்லை, கான்கிரீட் தூணில் கட்டியிருந்தது.

பையன் கீழே ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருந்தான். வேறு பெல்ட் வர மதியமாகுமாம்.