பீட்டர் சிங்கரும் வன்னிக்கு வரும் சக்கர நாற்காலியும்

மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் யாரென்று தெரியாதவர்களும் அவருடைய குளத்துக் கதையின்படிதான் கனடாவிலிருந்து கிளிநொச்சிக்குக் காசு அனுப்புகிறார்கள். ஆழமில்லாத குளத்தில் ஒரு பிள்ளை தாழுது. உடுப்பு சேறாகும் என்று கரையில் நிற்பீர்களா? மாட்டீர்கள் என்றால், தூரத்தில் சாகிற பிள்ளைக்கு மட்டும் ஏன் கையை விரிக்கிறீர்கள்? 1971இல் கிழக்கு வங்காள அகதிகள் இந்தியாவுக்குள் குவிந்தபோது எழுதி, அடுத்த ஆண்டு அச்சில் வந்த கட்டுரை அது. எழுதியவர் 1946இல் மெல்பேர்ணில் பிறந்தவர். பாட்டன் பாட்டிமார் நால்வரில் மூவரை நாசிகளிடம் இழந்த குடும்பம்.

சிங்கர் கண்ணீர் கேட்கவில்லை, கணக்குக் கேட்டார்: எந்தக் காசு எங்கே கூட நன்மை செய்யும் என்ற கணக்கு. உளவியலாளர் போல் புளூம் 2016இல் ஒரு முழுப் புத்தகத்தையே பரிவுக்கு எதிராக எழுதினார்: பரிவு ரோர்ச் லைற் மாதிரி, அடிக்கிற இடம்தான் தெரியும். 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிலேயே காட்டியது. கையில் 5 டொலர் கொடுத்து உதவி கேட்டபோது, மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் படத்துக்கு ஆட்கள் சராசரியாக 2.38 டொலர் கொடுத்தார்கள். பஞ்சத்தின் புள்ளிவிவரத்துக்கு 1.14. படத்தையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டினால் 1.43. வன்னியில் யூரியூப் கமராவோடு திரிபவர்களுக்கு இந்த ஆய்வு தேவையில்லை. ஒரு வீடு, ஒரு முகம், பின்னால் ஒரு சோகப் பாட்டு, அவ்வளவுதான்.

அந்த வீடியோக்களின் கடைசியில் அடிக்கடி ஒரு சக்கர நாற்காலி வரும். ஷெல் பட்டு முள்ளந்தண்டு வடம் அறுந்தவர்கள் இங்கே நிறையப் பேர். பெரும்பாலும் வந்து சேர்வது ஆஸ்பத்திரி விறாந்தைக்குச் செய்த நாற்காலி. முன்சில்லு சின்னது, இறுகல். சிமெந்து நிலத்தில் ஓடும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் புதையும், கிறவல் வீதியில் கல்லில் முட்டி ஆளை முன்னுக்குத் தள்ளும். இருக்கையோ வெறும் றெக்சின் துணி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாதவர் அதில் மெத்தையில்லாமல் அரைநாள் இருந்தால் நோவு தெரியாது, தோல் மட்டும் செத்துக்கொண்டிருக்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது, அது ஆறும்வரை அந்தப் பக்கம் பாரம் வைக்கக்கூடாது. ஆழமாகப் போன புண் மாதக் கணக்கில் படுக்க வைக்கும், எலும்புக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருதரம், படுக்கையில் புரட்டுவது 2 மணித்தியாலத்துக்கு ஒருதரம். இதை வீடியோவில் யாரும் சொல்வதில்லை.

அளவும் அப்படித்தான். இருக்கை இடுப்பகலத்தைவிட ஓரங்குலம் கூட இருந்தால் போதும். அகலம் கூடினால் ஆள் ஒரு பக்கம் சரிந்து சரிந்து முதுகு கோணும். மிதிதட்டு உயர்ந்தால் முழங்கால் மேலே வந்து பாரமெல்லாம் பிட்டத்து எலும்பில் இறங்கும். சாய்தளம் கட்டுவதில் இன்னும் மோசம். ஓரடி உயரத்துக்குப் 12 அடி நீளம் வேண்டும். இரண்டடி அத்திவாரத்துக்கு 24 அடி. வளவில் இடமில்லை என்று ஆறடியில் கட்டினால் தனியாக ஏறுபவர் மல்லாக்க விழுவார். படம் எடுக்க மட்டும் ஆறடி நல்லது.

கணக்குப் பார்த்துக் கொடுத்திருந்தால் இது நடந்திராது என்று சிங்கர் சொல்லக்கூடும். இங்கேதான் அவரை நான் அரைவாசியில் விடுகிறேன். கடுமையான ஊனத்தோடு பிறக்கும் சிசுவின் உயிரை முடிக்கும் தெரிவு பெற்றோருக்கு இருக்கலாம் என்றவர் அவர். 1989இல் ஜேர்மனியில் கூட்டங்கள் குழம்பியதும், 1999இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் பதவி கொடுத்தபோது சக்கர நாற்காலியில் வந்தவர்கள் வாசலை மறித்ததும் அதனால்தான். தாய்க்கு அல்சைமர் என்ற மறதி நோய் வந்தபோது பராமரிப்புக்குச் செலவழித்ததை, அது அவருடைய கணக்குக்கே ஒத்துவராது என்று எதிராளிகள் குத்திக்காட்டினார்கள். அது எனக்குக் குற்றமாகப் படவில்லை, அவருடைய கணக்கைவிட அவர் நல்லவர்.

2002இல் பிரின்ஸ்டனிலேயே அவரோடு வாதிட்டவர் ஹரியற் மக்பிறைட் ஜோன்சன், தசை நலிவு நோயோடு பிறந்த சட்டத்தரணி. ஊனம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து ஒருவருடைய வாழ்வின் தரத்தைச் சொல்ல முடியாது என்பது ஜோன்சனின் வாதம். சிங்கரின் கணக்கில் அந்த வாழ்வுக்கு விலை குறைத்துப் போட்டது நடமாடுகிறவரின் கற்பனை. சோகப் பாட்டுப் போடுகிறவரின் கற்பனையும் அதேதான். ஒருவர் கூட்டிக் கழிக்கிறார், மற்றவர் அழுகிறார்.

காசு அனுப்புகிறவர்கள் முதலில் அந்த ஆளோடு போனில் கதையுங்கள். இடுப்பகலம், வாசற்படி உயரம், மலசலகூடக் கதவின் அகலம் (32 அங்குலத்துக்குக் குறைந்தால் சிக்கல்), வளவில் மணலா கிறவலா. நாற்காலி ஏற்கெனவே இரண்டு கிடக்கிறது, மெத்தைதான் இல்லை என்று சொன்னால் மெத்தைக்கு அனுப்புங்கள். சலம் எடுக்கக் குழாய் போடுகிறவருக்கு ஒரு நாளைக்கு நாலு தொடக்கம் ஆறு தடவை அது வேண்டும்; ஒருமுறை பெரிய தொகை கொடுப்பதைவிட அதற்கு மாதாமாதம் அனுப்புவது உதவி. கடைக்கு முதல் போடவேண்டும் என்று கேட்டால், அதையும் கொடுங்கள்.