பழி பம்ப் மீது

லாரி நடுவழியில் நின்றால் பழி முதலில் விழுவது டீசல் பம்ப் மீதுதான். டீசல் பம்ப் பழுது பார்க்கும் எங்கள் பட்டறைக்கு வண்டி வருவதைவிடப் பம்ப் மட்டும் தனியாக வருவதே அதிகம். யாரோ ஒரு மெக்கானிக் அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, கிளீனர் பையனிடம் மொபெட்டில் கொடுத்தனுப்பியிருப்பார். "பம்ப் போய்விட்டது, பார்த்துக் கொடுக்கச் சொன்னார்" என்பதோடு செய்தி முடிந்துவிடும். வண்டி எங்கே நின்றது, எப்படி நின்றது, மறுபடி எப்படிக் கிளம்பியது என்று கேட்டால் பையன் விழிப்பான்.

அந்தப் பம்பைச் சோதனை பெஞ்சில், அதாவது பம்பை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்கும் மேடையில், ஏற்றினால் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடும். ஓடாமல் என்ன செய்யும்? பெஞ்சில் அதற்குக் கிடைப்பது வடிகட்டிய சோதனை எண்ணெய், அதுவும் சீரான அழுத்தத்தில். துருப்பிடித்த டேங்க், வெடித்த ரப்பர் ஹோஸ், நசுங்கிய செம்பு வாஷர் எல்லாம் வண்டியோடு ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருக்கும். விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளையைப் போலப் பெஞ்சில் எல்லாப் பம்பும் சாதுதான்.

நான் சொல்வது பழைய வண்டிகளைப் பற்றி. 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே, அதற்கு முன்பு விற்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற லாரிகளில் பல இந்த வகைதான். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சும். பில்டர்கள் வழியாகப் பெரிய பம்புக்கு, அதாவது பழி சுமக்கும் அந்த டீசல் பம்புக்கு, தள்ளும். அது அழுத்தி, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கு அனுப்பும். இந்தப் பாதையில் ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள பகுதிதான் ஆளை ஏமாற்றும். அங்கே ஓட்டை விழுந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். நாசில் திறக்க 200 பார், அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு, அழுத்தம் வேண்டும். பம்புக்குள் டீசலோடு காற்றும் இருந்தால், அழுத்துகிற அழுத்தமெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். நாசில் திறக்காது, இன்ஜின் அணைந்துவிடும். வெளியே தொட்டுப் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. உடனே, "பம்ப்தான்!"

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டிரைவரைப் பிடிப்பது என் வழக்கம். ஓனர் பில்லைப் பற்றிப் பேசுவார், மெக்கானிக் தான் ஏற்கெனவே செய்த வேலையைப் பற்றிப் பேசுவார். நின்ற வண்டியில் உட்கார்ந்திருந்தவர் டிரைவர் ஒருவர்தான்.

ஒருமுறை சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் ஆறு சக்கர லாரி வந்தது. சிமென்ட் ஏற்றிக்கொண்டு திம்பம் மலை ஏறும் வண்டி. பண்ணாரியிலிருந்து மேலே 27 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் சரக்கு வண்டிகளுக்கு அங்கே தடை இருப்பதால், வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிட வேண்டும். ஒரு வளைவில் வண்டி நின்றால் பின்னால் வருபவை எல்லாம் நிற்கும். அத்தனை டிரைவர்களும் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இந்த வண்டி அப்படித்தான் நின்றுகொண்டே இருந்தது. வேறொரு பட்டறையில் எலிமென்ட், டெலிவரி வால்வு என்று உள் பாகங்களை எல்லாம் புதிதாகப் போட்டுப் பம்பை ஓவர்ஹால் செய்திருந்தார்கள். அதன் பிறகும் நின்றது. "இன்னொரு தடவை பிரித்துப் பாருங்கள்" என்றார் ஓனர்.

டிரைவரைத் தனியாக டீக்கடைக்கு அழைத்துப் போனேன். சமதரையில் தொல்லை இல்லை, மேட்டில் முதலில் இழுவை குறையும், பிறகு அணைந்துவிடும் என்றார்.

"மறுபடி எப்படிக் கிளப்புகிறீர்கள்? காற்று எடுத்துவிட்டா?"

"இல்லை அண்ணா. ஒரு பீடி பிடிக்கிற நேரம் சும்மா விட்டால் தானே ஸ்டார்ட் ஆகிவிடும்."

எனக்கு வேண்டியது இதுதான். காற்று புகுந்து நின்ற வண்டி காத்திருந்தால் சரியாவது அபூர்வம். கையால் டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடித்து, போல்ட்டைத் தளர்த்தி, நுரை போகும்வரை வெளியேற்ற வேண்டும். தானே கிளம்புகிறது என்றால் எதுவோ வழியை அடைத்து, பிறகு தானே விலகுகிறது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படி நடக்கும்; உள்ளே வெற்றிடம் உருவாகி டீசல் வராது. ஆனால் இந்த வண்டியில் துளை அடைக்க மூடியே இல்லை. பாலித்தீன் பையை மடித்து வைத்து, மேலே துணி சுற்றிக் கட்டியிருந்தது.

அதைப் பார்த்ததுமே பாதி விளங்கிவிட்டது. இருந்தாலும் ஓனரை நம்பவைக்க வேண்டுமே. கேபினுக்குப் பின்னால் ஒரு டீசல் கேனைக் கட்டி, ஃபீட் பம்புக்கு நேராக ஹோஸ் கொடுத்து, மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனில் விட்டோம். டேங்க்குக்கு வேலையே இல்லை. லோடோடு மலை ஏறிய வண்டி எங்கும் நிற்கவில்லை. பிறகு டேங்க்கை இறக்கிக் கவிழ்த்தோம். துருச்சேற்றோடு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலித்தீன் துண்டு விழுந்தது.

பாலித்தீன் தண்ணீரில் மிதக்கும், டீசலில் மூழ்கும். டீசல் அதைவிட லேசு. அதனால் மேலே எட்டிப் பார்த்தவர் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. சமதரையில் அடியில் கிடக்கும். மேட்டில் இன்ஜினுக்கு டீசல் அதிகம் தேவைப்படும்போது உறிஞ்சல் கூடும், வளைவுகளில் டேங்க்கும் குலுங்கும். துண்டு எழும்பி உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சலும் நிற்கும், துண்டு கீழே விழும். பீடி முடிந்ததும் வண்டி கிளம்பும்.

மூடி எங்கே போனது? இரவு நிறுத்தியிருந்த இடத்தில் டீசல் திருடர்கள் பூட்டு மூடியை நெம்பி எடுத்துவிட்டார்கள். ஓனரிடம் சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார் என்று டிரைவர் சொல்லவில்லை. பையின் ஓரம் கிழிந்து உள்ளே விழுந்தது அவருக்கும் தெரியாது.

இந்தக் காலத்து டீசலையும் சிலர் குறை சொல்கிறார்கள். 2020 ஏப்ரலில் புதிய புகை விதிக்கான பி.எஸ். 6 டீசல் வந்தபோது கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்தது. அதனால்தான் பழைய பம்ப் எல்லாம் தேய்கிறது என்பார்கள். கந்தகம் நீக்கும்போது வழவழப்பு குறைவது உண்மை. அதை ஈடுகட்ட மருந்து கலந்துதான் டீசல் பெட்ரோல் பங்குக்கே வருகிறது. தண்ணீரும் துருவும் செய்கிற சேதத்தைப் பார்த்த பிறகு டீசலைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை.

பில்லில் டேங்க் கழுவிய கூலி, சோதனை ஓட்டக் கூலி, புதுப் பூட்டு மூடி என்று எழுதினேன். மூடிக்கான காசை ஓனர் மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தார். கூலிக்கு மட்டும், "பம்பைத் தொடவே இல்லையே, இதற்கு எதற்கு இவ்வளவு?" என்று சாயங்காலம் வரை பேரம் பேசிக்கொண்டிருந்தார்.