எட்டாம் நாள்

நான் வேலூரில் சிறுவனாக இருந்த காலத்தில், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் தேதி ஆராதனையில், குழந்தை இயேசுவுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்து பெயரிட்டதைச் சொல்லும் லூக்கா சுவிசேஷப் பகுதியை வாசிப்பார்கள். விருத்தசேதனம் என்றால் என்னவென்று பக்கத்தில் அமர்ந்திருந்த ஆயாவிடம் கேட்டேன்; "பேசாம ஜெபம் பண்ணு" என்பதோடு அவர் முடித்துக்கொண்டார். விடை மேல்விஷாரத்து வகுப்புத் தோழன் வழியாகக் கிடைத்தது. சுன்னத் முடிந்து பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தவன், கைலியின் முன்பக்கத்தை இரண்டு விரலால் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே நடந்தான்.

யூதர்களின் சடங்கைப் பற்றி வெகுகாலம் கழித்தே படித்தேன். பிரித் மிலா என்பது அதன் பெயர். பிறந்த நாளையும் சேர்த்து எண்ணி எட்டாம் நாள் பகலில், அது ஓய்வுநாளாக இருந்தாலும் தள்ளிப்போடாமல் செய்வார்கள். ஆனால் அறுவை சிகிச்சையில் ஓய்வுநாளன்று பிறந்த குழந்தைக்கு மறுநாள்தான். குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து, எலியா தீர்க்கதரிசிக்கென்று வைத்திருக்கும் நாற்காலியில் சற்று நேரம் கிடத்திய பிறகு, சந்தக் எனப்படும் பெரியவரின் மடியில் வைப்பார்கள். சடங்கைச் செய்துவைக்கும் மோஹெல் முன்தோலை நீக்கியதும், திராட்சை ரசத்தின் மீது ஆசி கூறிப் பெயரைச் சொல்லி, குழந்தையின் உதட்டில் ஒரு துளி தொட்டுவைப்பார்கள். நம் பக்கத்தில் பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ பெயர் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் அந்நியமாகத் தோன்ற ஒன்றும் இல்லை, கத்தியைத் தவிர.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஒருநாள் பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் நான்கு வயது மகனோடு வந்தார். மூத்தவனுக்குச் சுன்னத் செய்தபோது மூன்று நாளாகியும் ரத்தம் நிற்கவில்லை என்றும், அதனால் இளையவனுக்கு முன்கூட்டியே பார்த்துவிடச் சொன்னார்கள் என்றும் கூறினார். நீலமூடிக் குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துச் சோதித்தேன். வழக்கமாக 30, 40 வினாடிகளில் உறைய வேண்டியது, 90 வினாடி கடந்தும் குழாயைச் சாய்த்த பக்கமெல்லாம் தண்ணீராக ஓடியது. ஹீமோஃபிலியா.

அந்த நோய்க்குப் பெயர் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் அதை அடையாளம் கண்டிருக்கிறது. விருத்தசேதனத்தால் இரண்டு பிள்ளைகளை இழந்த தாய் மூன்றாமவனுக்கு அதைச் செய்யக்கூடாது என்பது ஒரு ரபியின், அதாவது யூத மதகுருவின், தீர்ப்பு. மூன்று பேர் இறந்தால்தான் நான்காமவனுக்கு விலக்கு என்பது இன்னொருவரின் வாதம். அக்காள் தங்கை நால்வரில் மூவரின் மகன்கள் இப்படியே இறந்தபோது, நான்காமவளின் மகனுக்கு வேண்டாமென்று தடுத்த கதையும் அங்கேயே வருகிறது. தாய்வழியாக இறங்கும் குறை என்பதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள்! 12ஆம் நூற்றாண்டில், யூதச் சட்ட அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ், விருத்தசேதனத்தைப் பிறகும் செய்துகொள்ளலாம், போன உயிரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்ற பொருளில் எழுதினார்.

எனவே இந்தச் சடங்கின் மீதான கேள்விகள் நவீன காலத்தவர் வெளியிலிருந்து எறிந்த கற்கள் மட்டுமே என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. 1843இல் பிராங்க்பர்ட்டில் யூதச் சீர்திருத்தக் குழுவினரே இதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று கிளம்பினார்கள். சில வைதீகக் குழுக்களில் மோஹெல் காயத்தை வாயால் உறிஞ்சும் வழக்கம் இன்றும் உண்டு. அதனால் குழந்தைகளுக்கு ஹெர்பிஸ் தொற்றியதையடுத்து நியூயார்க் நகரம் 2012இல் பெற்றோரின் சம்மதக் கையொப்பத்தைக் கட்டாயமாக்கி, 2015இல் அதைக் கைவிட்டது. பெரும்பாலான மோஹெல்கள் அதற்குக் கண்ணாடிக் குழாயையோ பஞ்சையோ பயன்படுத்துகிறார்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை: வாய் வைப்பது கூடாது.

சம்மதம் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதன்று. 2012இல் ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம், ஒரு முஸ்லிம் சிறுவனின் வழக்கில், மதக் காரணத்துக்காகச் செய்வதும் உடலுக்கு இழைக்கும் காயமே என்றது. விருத்தசேதன அடையாளத்தை வைத்தே யூத ஆண்களைப் பிடித்துக் கொன்ற நாடு அது என்பதால் எழுந்த கொந்தளிப்பு சாதாரணமானதல்ல. அதே டிசம்பரில் நாடாளுமன்றம் அதை அனுமதித்துச் சட்டம் இயற்றியது. கத்தியில்லாமல் பெயர் மட்டும் சூட்டும் பிரித் ஷாலோம் என்ற சடங்கை இப்போது சில பெற்றோர் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் ஜெபத்தையும் உணவு விதிகளையும் விட்டுவிட்ட யூதக் குடும்பங்களில்கூடப் பல இந்த ஒன்றை விடுவதில்லை.

பேரணாம்பட்டுத் தாய் அன்று என்னிடம் கேட்டது மருத்துவக் கேள்வியே அல்ல. "இது செய்யலன்னா இவன் எங்க புள்ள இல்லன்னு ஆயிடுமா சார்?" என்றார். யூதச் சட்டப்படி, யூதத் தாய்க்குப் பிறந்தவன் விருத்தசேதனம் இல்லாவிட்டாலும் யூதனே என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தால்கூட, அது அவருக்கு விடையாகியிருக்காது. மறுவாரம் முடிவுத் தாளை வாங்க வந்தவர், பள்ளிவாசல் ஹஜரத்தைப் போய்ப் பார்த்ததாகவும், உயிர்தான் முதலில் என்று அவர் சொல்லிவிட்டதாகவும் கூறி, தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மகன் மேசையிலிருந்த காலி நீலமூடி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.